கூடைப்பந்தாட்டத்தின் தந்தை ஜேம்ஸ் நெய்ஸ்மித்

பாரிஸ் மாநகரின் பல பூங்காக்களில் இரும்புக் கம்பத்தில் பொருத்தப்பட்ட வளையம் ஒன்றை நாம் காண்கின்றோம். அதன் கீழே பல நாட்டுப் பிள்ளைகள் கூடி நின்று பந்தெறிகின்றனர். அவர்களோடு நம் தமிழ்ப் பிள்ளைகளும் நிற்கின்றனர். மொழியால், நிறத்தால், சமயத்தால் வேறுபட்ட சிறுவர்களை ஒரு வளையத்தின் கீழ் ஒன்றுசேர்க்கும் அந்த விளையாட்டுக்குத் தாயகம் எது? அதனைத் தந்தவர் யார்? கேட்டால் நம் மாணவர்களுட் பலர் ரோனி பார்க்கரின் பெயரையோ விக்டர் வெம்பன்யாமாவின் பெயரையோ சொல்வர். அவ்வீரர்கள் யாவருக்கும் வாழ்வளித்த ஓர் ஆசிரியரின் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. தாய் தந்தையரை இழந்து, இடையிலே பள்ளியை விட்டு, மரம் வெட்டிப் பிழைத்து, மீண்டும் புத்தகத்தைக் கையிலெடுத்த ஒருவரின் கதை அது.

இளமையும் இழப்பும்

ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1861 ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் 6 ஆம் நாள் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அல்மொன்ற் என்னும் ஊரின் அயலிலே பிறந்தார். பெற்றோர் ஸ்கொட்லாந்திலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்கள். 1870 ஆம் ஆண்டில் நெருப்புக்காய்ச்சல் அக்குடும்பத்தைத் தாக்கியது. தந்தையும் தாயும் சிறிது கால இடைவெளியிலே ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். அப்போது ஜேம்சுக்கு வயது ஒன்பது. தாய்மாமனாகிய பீற்றர் யங் என்பவர் அநாதைகளான பிள்ளைகளைத் தம் பொறுப்பில் ஏற்று வளர்த்தார்.

மாமனின் பண்ணையிலே சிறுவனுக்கு வேலை அதிகம், ஓய்வு குறைவு. கிடைத்த ஓய்விலே கிராமத்துப் பிள்ளைகளோடு அவன் கல்லெறி விளையாட்டொன்றில் ஈடுபட்டான். பெரிய பாறையொன்றின் உச்சியிலே சிறு கல்லை வைத்துவிட்டு, சற்றுத் தூரத்தில் நின்று வேறொரு கல்லால் அதனை வீழ்த்த வேண்டும். வலிமையாக நேரே எறிபவனின் கல் குறிதவறினால் நெடுந்தூரம் ஓடிவிடும். அவன் அதனை எடுத்துவருவதற்குள் பிடிபட்டுவிடுவான். மெதுவாக, வளைவாக மேலெறிபவனே பெரும்பாலும் வெல்வான். நம் ஊர்ப் பிள்ளைகள் கிளித்தட்டும் கிட்டிப்புள்ளும் விளையாடியதைப் போன்ற ஒரு சாதாரண விளையாட்டு இது. ஆயினும் சிறுவயதிற் கையிற் பதிந்த இந்த வளைவெறி, இருபது ஆண்டுகளின் பின் உலகத்துக்குப் பயன்பட்டது.

படிப்பில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் தொடக்கத்தில் முன்னிற்கவில்லை. உயர்நிலைப் பள்ளியை இடையிலே விட்டு, மரம் வெட்டும் தொழிலாளருடன் சேர்ந்து காடுகளிலே சில ஆண்டுகள் கழித்தார். பின்னர் தாமே மனந்தெளிந்து, தம்மிலும் இளைய மாணவர்களுடன் ஒரே வாங்கில் அமர வெட்கப்படாது, மீண்டும் அதே பள்ளிக்குத் திரும்பினார். 1883 இல் மொன்றியால் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் அனுமதி பெற்றார். ஓராண்டு பின்தங்கிய பிள்ளையை வாழ்க்கையிலேயே பின்தங்கிவிட்டதாக எண்ணிக் கலங்கும் பெற்றோர் இதனை ஒருகணம் நினைத்துப் பார்த்தல் நலம்.

சமயப் பணியா, விளையாட்டா?

மக்கில் பல்கலைக்கழகத்திலே நெய்ஸ்மித் உதைபந்தாட்டம், றக்பி, லக்றோஸ், உடற்பயிற்சி எனப் பல துறைகளிலும் சிறந்து விளங்கினார். அதேவேளை சமயக் கல்வியும் பயின்று 1890 இல் அத்துறையில் தேர்ச்சிபெற்றார். குருவானவராக வேண்டிய ஒருவர் மைதானத்திலே புழுதிபடிந்து ஓடுவதை அக்காலத்தவர் பலர் விரும்பவில்லை. விளையாட்டு மனிதனை இழிவுபடுத்தும் என்பது அன்றைய கருத்து.

நெய்ஸ்மித்தின் அநுபவம் வேறு. ஒருநாள் ஆட்டத்தின் நடுவே பக்கத்தில் நின்ற வீரரொருவர் சினத்தாலே தகாத வார்த்தைகளை உதிர்த்துவிட்டு, உடனே நெய்ஸ்மித்தைப் பார்த்து வெட்கி மன்னிப்புக் கோரினார். நெய்ஸ்மித் அவரை ஒருபோதும் கண்டித்ததில்லை. பிரசங்க மேடையிலிருந்து ஆயிரம் முறை சொல்லியும் ஏறாத நல்லொழுக்கம், உடன் விளையாடும் ஒருவரின் முன்மாதிரியால் ஏறும் என்ற எண்ணம் இவ்வாறு அவருள்ளே வேரூன்றியது. அவர் சமயப் பணியைக் கைவிட்டதாக உடன்பிறந்த சகோதரி மனம் வருந்தினார். அவரோ தம் பணியின் இடத்தையே மாற்றினார். 1890 இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிறிங்பீல்ட் நகருக்குச் சென்று, கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியிற் சேர்ந்தார். அடுத்த ஆண்டில் அங்கேயே ஆசிரியரானார்.

பதினான்கு நாள் தவணை

1891 ஆம் ஆண்டின் குளிர்காலம். வெளியே பனி. இலையுதிர்காலத்து றக்பி ஓய்ந்துவிட்டது. வசந்தகாலத்து ஆட்டங்களுக்கோ நெடுநாள் இருந்தது. இடைப்பட்ட மாதங்களில் உடற்பயிற்சிக் கூடத்திலே கையை நீட்டி மடக்கும் பயிற்சிகளையே மாணவர்கள் நாள்தோறும் செய்ய வேண்டியிருந்தது. அவ்வகுப்பிலே 18 பேர். அனைவரும் வளர்ந்த இளைஞர். சலிப்புற்ற அவர்கள் குழப்பம் விளைவித்தனர். முன்னர் பொறுப்பேற்ற ஆசிரியர் இருவர் தம்மால் இயலாதென்று விலகிக்கொண்டனர். துறைத் தலைவராகிய லூதர் குலிக் அவ்வகுப்பை நெய்ஸ்மித்திடம் ஒப்படைத்து, உள்ளரங்கில் ஆடத்தக்க புதிய விளையாட்டொன்றைப் பதினான்கு நாள்களுக்குள் உருவாக்குமாறு பணித்தார்.

ஒரு வகுப்புக் குழம்பினால் நாம் முதலில் மாணவரையே குறைகூறுவது வழக்கம். நெய்ஸ்மித் அவ்வாறு செய்யவில்லை. குறை மாணவரிடத்தில் இல்லை, அவர்களுக்குக் கொடுக்கப்படும் பாடத்திலேயே உள்ளது என்று அவர் கண்டார். வெளியரங்க ஆட்டங்களை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்து பார்த்தார். றக்பி ஆடினால் மரத்தளத்திலே வீழ்ந்து எலும்பு முறியும். உதைபந்தாட்டத்தால் யன்னற் கண்ணாடிகள் உடையும். லக்றோஸ் ஆட்டத்திலோ மட்டைகள் முகங்களைப் பதம்பார்த்தன. தவணை முடியுந் தறுவாய் வந்தது. கையில் எதுவும் இல்லை.

பின்னர் அவர் ஓரிடத்தில் அமர்ந்து, ஆட்டங்களில் முரட்டுத்தனம் ஏன் தோன்றுகின்றது என்று ஆராய்ந்தார். பந்தை ஏந்திக்கொண்டு ஒருவன் ஓடுவதாலேயே மற்றவன் அவனைப் பிடித்து வீழ்த்துகிறான். ஆகவே பந்தோடு ஓடலாகாது. வேகமாக எறிவதற்கு இடமளிப்பது கண்ணெதிரே செங்குத்தாக நிற்கும் இலக்கு. ஆகவே இலக்கின் வாய் வானை நோக்கி, தலைக்கு மேலே இருத்தல் வேண்டும். அப்போது பலம் பயன்படாது, நிதானமே பயன்படும். இவ்விடத்திலேதான் சிறுபராயத்துக் கல்லெறியும் அதன் வளைவும் அவர் நினைவுக்கு வந்தன.

1891 மார்கழி 21 ஆம் நாள் காலை, கட்டடப் பராமரிப்பாளரிடம் சதுரப் பெட்டிகள் இரண்டு கேட்டார். பெட்டிகள் இல்லை. பீச் பழம் இடும் கூடைகள் இரண்டே கிடைத்தன. கூடத்தின் இரு பக்கமும் மேல்மாடத்தின் விளிம்பிலே அவற்றை ஆணி கொண்டு அறைந்தார். அவ்விளிம்பு தரையிலிருந்து 10 அடி உயரத்தில் அமைந்திருந்தது. இன்றும் உலகெங்கும் வளையத்தின் உயரம் அதுவே. பதின்மூன்று விதிகளை எழுதித் தட்டச்சுச் செய்வித்து அறிவித்தற் பலகையிலே குத்தினார். பக்கத்துக்கு ஒன்பது பேராக, உதைபந்தாட்டப் பந்தொன்றுடன் ஆட்டம் தொடங்கியது. அன்று கூடையில் வீழ்ந்தது ஒரேயொரு பந்து. எறிந்தவர் வில்லியம் சேஸ். கூடையின் அடி மூடியிருந்தமையால் ஏணியில் ஏறியே பந்தை எடுக்க வேண்டியிருந்தது. ஆயினும் மாணவர் ஆட்டத்தை விட்டுச் செல்ல மறுத்தனர்.

வகுப்பிலே பெருங்குழப்பக்காரராகக் கருதப்பட்ட பிராங்க் மஹான் என்னும் மாணவரே இவ்விளையாட்டுக்கு ஒரு பெயர் வேண்டுமென்று கேட்டார். முதலில் ஆசிரியரின் பெயரையே இட விரும்பினார். நெய்ஸ்மித் நகைத்து மறுத்துவிட்டார். கூடையும் பந்தும் உள்ளன, ஆகவே கூடைப்பந்து என்றே அழைப்போம் என்றார் அம்மாணவர். ஆசிரியர் உடன்பட்டார். குழப்பக்காரன் என ஒதுக்கப்பட்ட மாணவனே பெயர் சூட்டிய விளையாட்டு இது.

கடல் கடந்த கூடைப்பந்து

கல்லூரியிற் பயின்ற இளைஞர்கள் விளையாட்டைத் தம் பயணப் பைகளோடு உலகெங்கும் எடுத்துச் சென்றனர். முதல் வகுப்பின் பதினெண்மரில் ஒருவர் ஜப்பானியரான இஷிகாவா. மற்றொருவரான டங்கன் பற்றன் 1894 இல் இந்தியாவுக்கு இவ்விளையாட்டைக் கொண்டுசென்றார். ஸ்பிறிங்பீல்டில் நெய்ஸ்மித்துடன் இருந்த மெல்வின் றைடௌட் பாரிசுக்கு வந்தார். 1893 மார்கழி 27 ஆம் நாள் ஐரோப்பாவின் முதலாவது கூடைப்பந்தாட்டம் நடைபெற்றது. நடைபெற்ற இடம் எது தெரியுமா? பாரிஸ் ஒன்பதாம் வட்டாரத்தின் ட்றெவிஸ் வீதி, 14 ஆம் இலக்கக் கட்டடம். நம் மாணிக்க விநாயகர் தேர் வலம்வரும் லா சப்பல் வீதிகளிலிருந்து அரைமணி நேர நடைத்தூரமே அது. ஸ்பிறிங்பீல்டின் கூடத்தைப் பின்பற்றி அமைத்த அந்த மரத்தளமும், ஆடுகளத்தின் நடுவே நிற்கும் இரும்புத் தூண்களும் நூறாண்டுகளுக்கு மேலாகப் பேணப்பட்டன. உலகிலே எஞ்சியுள்ள மிகப் பழைய கூடைப்பந்தாட்டக் களங்களுள் ஒன்று அது. 2019 தை மாதம் 12 ஆம் நாள் அவ்வீதியில் நிகழ்ந்த எரிவாயு வெடிப்பிலே நால்வர் உயிரிழந்தனர். அக்கட்டடமும் சேதமுற்றது.

தமிழகத்துக்கும் இக்கதையிற் பங்குண்டு. அதே ஸ்பிறிங்பீல்ட் கல்லூரியிற் பயின்ற ஹரி குறோ பக் என்னும் அமெரிக்கர் 1920 இல் சென்னையில் வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். 1924 இல் பாரிஸ் ஒலிம்பிக் விழாவுக்கு வந்த இந்திய அணியின் முகாமையாளரும் அவரே. 1943 இற் சென்னையிலேயே காலமானார். நம் ஊர்களிலே மாலைதோறும் வெறுங்காலுடன் ஆடப்படும் கரப்பந்தாட்டமும் ஸ்பிறிங்பீல்டின் பிள்ளையே. அங்கு பயின்ற வில்லியம் மோர்கன் 1895 இல், கூடைப்பந்தாட்டத்தின் ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க இயலாத வயது முதிர்ந்தோருக்காக அதனை அமைத்தார்.

பெண்களும் விலக்கப்படவில்லை. லித்துவேனியாவிலிருந்து சிறுவயதிலே குடிபெயர்ந்து வந்த செண்டா பெரன்சன் என்னும் யூதப் பெண்மணி, ஸ்மித் மகளிர் கல்லூரியில் இதனைக் கற்பித்தார். ஸ்பிறிங்பீல்டில் முதன்முதல் ஆடிய மகளிருள் ஒருவரான மோட் ஷெர்மன் 1894 இல் நெய்ஸ்மித்தின் துணைவியானார். பெண்களின் கூடைப்பந்தாட்டம் இங்கிலாந்து சென்று மாற்றமுற்று வலைப்பந்தாட்டமாயிற்று. யாழ்ப்பாண மண்ணிற் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் இலங்கை அணிக்காக ஆடி, 2018 இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை வெல்லத் துணைநின்றார் என்றால், அந்த வெற்றியின் ஒரு வேர் 1891 ஆம் ஆண்டின் இரு பழக்கூடைகளிலே உள்ளது.

தோல்வியுற்ற பயிற்றுநர்

நெய்ஸ்மித் ஒரு பட்டத்தோடு அமைதிகொள்ளவில்லை. 1895 இல் டென்வர் நகருக்குச் சென்று, பகலில் வேலைசெய்துகொண்டே மருத்துவம் பயின்று 1898 இல் வைத்தியரானார். அதே ஆண்டில் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் உடற்கல்விப் பேராசிரியராகவும் வழிபாட்டு மண்டபப் பொறுப்பாளராகவும் நியமனம் பெற்றார். எஞ்சிய வாழ்நாள் பெரும்பாலும் அவர் அவ்வூரிலேயே வாழ்ந்தார்.

அங்கு 1907 வரை கூடைப்பந்தாட்ட அணியைப் பயிற்றுவித்தார். ஆடிய ஆட்டங்களில் வெற்றி 55, தோல்வி 60. அப்பல்கலைக்கழகத்தின் நீண்ட வரலாற்றிலே வெற்றிகளிலும் தோல்விகள் மிகுந்த ஒரே பயிற்றுநர், அவ்விளையாட்டைப் படைத்தவரே! இதனை வாசித்துச் சிரிப்போர் உண்டு. சிரிப்பதற்கு முன் சிந்திக்க வேண்டும். ஆட்டம் என்பது ஆடுவதற்கே, பயிற்றுவித்து வெல்லச்செய்வதற்கன்று என்பது அவர் கொள்கை. எதிரணியுடன் ஆடும்போது தாமே மத்தியஸ்தராக நின்று தம் மாணவரின் தவறுகளுக்கும் தண்டனை விதித்தார். அவரிடம் பயின்ற போக் அலன், அவர்பின் அப்பதவியை ஏற்றுப் பயிற்சிக் கலையின் மேதையெனப் புகழ்பெற்றார்.

விளையாட்டு பணமீட்டுந் தொழிலாவதையும் அவர் தம் கண்ணாலே கண்டார். 1898 இலேயே தொழில்முறைக் கழகங்கள் தோன்றிவிட்டன. அவரோ தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறவில்லை. அதனால் பொருள் சேர்க்கவுமில்லை. அவர் தட்டச்சுச் செய்வித்த விதிகள் அடங்கிய இரண்டு தாள்கள் 2010 இல் ஏலத்திலே 43 இலட்சம் அமெரிக்க டொலருக்கு விலைபோயின என்பதை இதனோடு ஒப்புநோக்குக.

முதலாம் உலகப்போர் மூண்டபோது, ஐம்பத்தைந்து வயதைக் கடந்த நெய்ஸ்மித் 1917 இல் இந்தப் பிரான்சு நாட்டுக்கு வந்து, 1919 வரை போர்வீரர்களின் உடல்நலத்துக்கும் ஒழுக்கத்துக்கும் தொண்டாற்றினார். கனடாவிற் பிறந்த அவர் 1925 இல், அறுபத்துமூன்றாம் வயதிலே அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். பிறந்த மண் ஒன்று, வாழும் மண் ஒன்று, குடியுரிமைப் பத்திரம் எப்போதோ என்ற நிலை நமக்கு மட்டும் உரியதன்று.

நிறத்தடையைக் கடந்த மாணவர்

1933 இல் ஜோன் மெக்லெண்டன் என்னும் கறுப்பின இளைஞர் கன்சாஸ் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். கூடைப்பந்தாட்டமே அவர் உயிர். ஆனால் கறுப்பினத்தவர் பல்கலைக்கழக அணியில் ஆட அக்காலத்தில் அனுமதியில்லை. முதுமையடைந்திருந்த நெய்ஸ்மித் அவரைத் தம் மாணவராக ஏற்று, ஆட்டத்தின் நுட்பங்களையும் கற்பித்தலின் நுட்பங்களையும் கற்றுக்கொடுத்தார். தடையை முற்றாக நீக்கும் வல்லமை அவரிடம் இருக்கவில்லை. தடைக்கு இப்பால் நின்ற மாணவனுக்குத் தம்மிடமுள்ளதையெல்லாம் கொடுத்தார்.

அந்த மாணவர் பின்னர் வேகமான தாக்குதல் ஆட்டமுறையை வளர்த்த முன்னோடிப் பயிற்றுநரானார். டெனசி மாநிலக் கல்லூரியொன்றின் கறுப்பின வீரர்களைக் கொண்டு 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து தேசியக் கிண்ணத்தை வென்றார். 1979 இற் கூடைப்பந்தாட்டப் புகழ்மண்டபத்தில் அவர் பெயரும் இடம்பெற்றது. அம்மண்டபம் தாங்கும் பெயரோ அவருடைய ஆசானின் பெயர். 55 வெற்றி, 60 தோல்வி என்ற கணக்கிலே இந்த வெற்றி சேர்க்கப்படவில்லை. ஆசிரியனின் உண்மையான வெற்றிகள் பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

பேர்லினில் ஒரு முதியவர்

1936 இல் பேர்லின் ஒலிம்பிக் விழாவிலே கூடைப்பந்தாட்டம் முதன்முறையாக முறையான போட்டியாகச் சேர்க்கப்பட்டது. எழுபத்துநான்கு வயதான நெய்ஸ்மித்திடம் கடல்கடந்து செல்லப் பொருள் இருக்கவில்லை. அமெரிக்கப் பயிற்றுநர்கள் நிதி திரட்டி அவரை அனுப்பிவைத்தனர். ஆவணி 7 ஆம் நாள் நடைபெற்ற முதலாவது ஆட்டத்திற் பிரான்சும் எஸ்தோனியாவும் மோதின. பந்தை மேலெறிந்து தொடக்கிவைத்தவர் நெய்ஸ்மித். இருபதுக்கு மேற்பட்ட நாடுகளின் அணிகள் தம் கொடிகளைத் தாங்கி அவர் முன் நின்றன. மழையிலே சேறாகிய திறந்தவெளிக் களத்தில் நடந்த இறுதியாட்டத்தில் அமெரிக்கா 19 - 8 என்ற கணக்கிற் கனடாவை வென்றது. பிறந்த நாடும் புகுந்த நாடும் தாம் படைத்த ஆட்டத்தில் எதிரெதிரே நிற்க, பரிசளித்தவர்களுள் அவரும் ஒருவராய் நின்றார்.

1937 இல் துணைவியை இழந்தார். 1939 கார்த்திகை 28 ஆம் நாள் கன்சாஸ் மாநிலத்தின் லோறன்ஸ் நகரில் எழுபத்தெட்டாம் வயதிலே அவர் கண்மூடினார். கூடைப்பந்தாட்டத்தின் தோற்றம்பற்றி அவர் எழுதிய நூல் 1941 இலேயே வெளிவந்தது. 2024 ஆவணியில் இதே பாரிசிலே, பெர்சி அரங்கில் நடைபெற்ற ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் அமெரிக்காவும் பிரான்சும் மோதியதை நம் பிள்ளைகள் கண்விழித்துப் பார்த்தனர். அமெரிக்கா 98 - 87 என வென்றது.

நமக்குரிய பாடம்

பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே! விளையாட்டைப் படிப்பின் பகையாகக் கருதுவது நம்மிடையே பழகிப்போன எண்ணம். வைத்தியராகவும் குருவாகவும் பேராசிரியராகவும் விளங்கிய ஒருவரின் பெயரை இன்றும் நிலைநிறுத்துவது விளையாட்டே. இடையிலே பள்ளியை விட்டவர் மீண்டும் வரத் துணிந்ததாலேயே அவ்விளையாட்டும் பிறந்தது.

வார இறுதியில் விளையாட்டு மைதானமா, தமிழ் வகுப்பா என்ற இழுபறி பல இல்லங்களில் உண்டு. ஐந்து நாளும் பிரெஞ்சுப் பள்ளியில் அமர்ந்து களைத்த பிள்ளை ஆறாம் நாளும் ஒரு வாங்கில் அமரத் தயங்குவது இயல்பு. அப்பிள்ளையைத் தமிழ்ப்பற்று அற்றவன் என்று முடிவுகட்டினால், நாளை அவன் பேரர்களுக்கு நம் மொழியில் ஒரு சொல்லும் எஞ்சாது. ஸ்பிறிங்பீல்ட் வகுப்பிலே கலைந்து போகவிருந்த பதினெண்மரைப் பிடித்து நிறுத்தியது தண்டனையன்று. கையிலுள்ள இரு கூடைகளைக் கொண்டு ஓர் ஆசிரியர் புதிதாக அமைத்த பாடமே. நம்மிடம் பெரிய மண்டபமும் இல்லை, பெருநிதியும் இல்லை. கதை, பாட்டு, நாடகம், கிளித்தட்டு ஆகிய கூடைகள் பல நம் மரபிலே உள்ளன. அவற்றைப் பிள்ளைகளின் தலைக்குச் சற்று மேலே, எட்டிப் பிடிக்கத் தக்க உயரத்திலே மாட்டி வைப்பது ஆசிரியர் கடன். பந்தை எடுத்து எறிவது மாணவர் கடன். எறிந்த முதற்பந்து தவறினாலும் அவர்களை மீண்டும் எறியச் சொல்வது பெற்றோர் கடன்.